ஊற்றுமேட்டுத் தண்ணீர்

பருப்பு வேகவில்லை. மூன்று நாளாக வேகவில்லை.

பெரியநாயகி முதல் நாள் விறகைத் திட்டினாள். இரண்டாம் நாள், கோட்டுச்சேரிக் கடைக்காரன் பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டான் என்று அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்தாள். மூன்றாம் நாள் ஒன்றும் பேசாமல் குடத்தைச் சாய்த்து, உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து நாக்கில் விட்டுப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு வந்தாள்.

வாசலில் அவள் புருஷன் உத்திராபதி உளுந்துச் செடியைப் பரப்பித் தடியால் அடித்துக்கொண்டிருந்தான். சித்திரை பிறக்க ஒரு நாள்தான் இருந்தது.

"என்னங்க, இதைக் குடிச்சுப் பாருங்க."

"தாகமில்ல புள்ள."

"தாகத்துக்குச் சொல்லல. குடிங்கங்கிறேன்."

குடித்தான். தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியது. செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தடியைக் கையில் எடுத்தான்.

"லேசாக் கடுக்குது. புதுத் தண்ணியாச்சே, அப்படித்தான் இருக்கும்."

"கடுக்குதா? உப்புங்க! ஊத்துத் தண்ணி உப்பாப் போச்சு. இன்னும் எட்டே நாளு இருக்கு இருபதாந்தேதிக்கு!"

"மெதுவாப் பேசித் தொலையேண்டி, ஊரே கேக்கப்போவுது" என்றான் உத்திராபதி.

ஊருக்குக் கேட்டால் என்ன என்று கேட்பீர்கள். அதைச் சொல்லிவிடுகிறேன். நான் அதே கீழவெளிக்காரன், உத்திராபதி வீட்டுக்கு மூன்றாம் வீடு. நான் சொல்வதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி பெரியநாயகி பின்னால் என் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து சொன்னது.

காரைக்கால்மேட்டுக்குத் தெற்கே, திருமலைராயன்பட்டினம் போகிற வழியில் கடலை ஒட்டி ஒரு மணல் மேடு. அரை மைல் நீளம். மேட்டின் முதுகில் தாழை, உள்பக்கச் சரிவில் புன்னை, கடல் பக்கம் முழுக்க அடம்பங்கொடியும் இராவணன்மீசைப் புல்லும். அதற்கு ஊற்றுமேடு என்று பேர். மேட்டுக்கு மேற்கே எங்கள் வயல்கள். அந்த மேடு இருக்கிற வரைக்கும்தான் அவை வயல்கள், மேடு போனால் உப்பளம். இதில் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

மேடு எங்களுடையதல்ல. பட்டினத்து மரைக்காயர் வீட்டுச் சொத்து. அந்த வீட்டில் ஒரு காலத்தில் கப்பல் ஓட்டிய பெரிய மரைக்காயர் ஒருவர், பாய்மரம் முறிந்து நாலு நாள் தண்ணீரில்லாமல் மிதந்து, கடைசியில் இந்த மேட்டில் வந்து விழுந்தாராம். மணலைக் கையால் பறித்து, ஊறிய தண்ணீரைக் குடித்துப் பிழைத்தாராம். பிற்பாடு மேட்டை விலைக்கு வாங்கி, பிரெஞ்சுக்காரனின் பத்திர அதிகாரி நொத்தேர் முன்னால் பத்திரம் எழுதி, ஐந்து வீட்டுக்காரர்கள் கையில் ஒப்படைத்தார். கீழவெளியில் இரண்டு வீடு, காரைக்கால்மேட்டில் மீன்பிடிக்கிறவர்கள் இரண்டு வீடு, பட்டினத்தில் ஒரு தச்சர் வீடு. ஊற்றுத் தர்மம் என்று அதற்குப் பேர் வைத்தார்கள். தாழை வெட்டக் கூடாது, மணல் அள்ளக் கூடாது, ஆடு ஏறக் கூடாது. மழைக்குப் பிறகு புன்னங்கொட்டை ஊன்ற வேண்டும், மேடு உடைந்த இடத்தில் பனமட்டை நட்டு அடம்பங்கொடி படரவிட வேண்டும். வருஷத்துக்கு ஒரு வீடு முறை. முறை வீட்டுக்குக் கூலி எதுவும் கிடையாது. அந்த வருஷம் முழுக்க அடுப்படிக்கு ஊற்றுத் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

பதிலுக்கு மரைக்காயர் வீடு கேட்டது ஒரு குடம் தண்ணீர். வருஷா வருஷம் ஏப்ரல் இருபதாம் தேதி அந்த ஊற்றின் நல்ல தண்ணீர் ஒரு குடம் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டில் மூத்தவர் குடித்து, சரி என்று சொல்ல வேண்டும். ஒரு வருஷம் தவறினாலும் மேடு திரும்ப வீட்டைச் சேரும். பத்திரத்தில் அப்படி இருக்கிறது. இத்தனை வருஷத்தில் தவறியதில்லை.

இந்த வருஷம் முறை உத்திராபதி வீட்டுக்கு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் முறை பார்த்தது அவன் அப்பா. அவர் இரண்டு நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். இவன் தனியாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அதற்கென்றே காத்திருந்த மாதிரி போன கார்த்திகையில் புயல் அடித்தது. மேடு தெற்கு முனையில் வண்டி போகிற அகலத்துக்கு உடைந்து, கடல் உள்ளே வந்தது. எங்கள் ஊர் நீலமேகத்தின் மூன்று மா நிலம் ஒரே ராத்திரியில் வெளுத்துப்போயிற்று. இன்றைக்கும் அதில் புல் முளைக்கவில்லை. அதற்கு அடுத்ததுதான் உத்திராபதியின் எட்டு மா.

உத்திராபதி சோம்பேறி இல்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். தை, மாசி இரண்டு மாதமும் உடைப்பிலேயே கிடந்தான். நானூறு பனமட்டை நட்டான். கொடித்துண்டுகளை ஈரச் சாக்கில் சுற்றிச் சுமந்து வந்து ஒவ்வொரு மட்டைக்கும் அடியில் புதைத்தான். உடைப்பு அடைபட்டு மணல் ஏற ஆரம்பித்தது. ஆனால் ஊற்று தூர்ந்துபோயிருந்தது. பங்குனி வெயிலில் பள்ளத்தில் ஈரம்கூட இல்லை. அப்போது அவன் என்ன செய்தான்? வயற்காட்டுக்காரன் எதைச் செய்வானோ அதைச் செய்தான். மம்முட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தோண்டினான். தோண்டி, சரியாமலிருக்க நாலு சுடுமண் வளைய உறை இறக்கினான். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. அன்றைக்கு அவன் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே, காவிரியையே கூட்டிக்கொண்டு வந்தவன் மாதிரி!

முதல் வாரம் தித்திப்பாகத்தான் இருந்தது. அப்புறம்தான் பருப்பு வேகாமல் போயிற்று.

உப்பு என்று தெரிந்ததும் மறுநாள் இன்னும் ஒரு உறை ஆழம் இறக்கினான். உப்பு கூடியது. அடுத்த நாள் இன்னொன்று. பெரியநாயகி வாயில் விட்டவுடன் துப்பினாள்.

"போதுங்க, தோண்டாதீங்க. யாரையாவது கேப்போம். குஞ்சம்மாவைக் கேப்போம், அது வீடும் தர்மத்து வீடுதானே."

"கேட்டா? 'உங்க அப்பன் இருந்தா இப்படி ஆயிருக்குமா'ன்னு அந்த மீன்காரி சந்தையில வெச்சுச் சத்தம் போடுவா. எங்க அப்பா காலத்துல ஒரு சொட்டு குறைஞ்சதில்ல. என் முறையில மேடு போச்சுன்னு பேர் வரட்டுங்கிறியா? வாயத் தொறக்காத. எம்மேல சத்தியம்."

சத்தியம் வேறு! ஊற்றைச் சுற்றி ஆளுயரத்துக்குப் பனவோலைத் தட்டி கட்டினான். கேட்டவர்களிடம் ஆடு வருகிறது என்றான். ராத்திரி தூக்கமில்லை, பகலில் சோறு இறங்கவில்லை. அடித்த உளுந்தைத் தூற்றாமல் அப்படியே போட்டிருந்தான். கோழி கிளறிக்கொண்டிருந்ததை நானே போய் விரட்டினேன்.

பதினாறாம் தேதி, திங்கட்கிழமை, மன்சூர் அலி மேட்டுக்கு வந்தார்.

மன்சூர் அலி மரைக்காயர் வீட்டு மகன். இருபது வருஷம் சைகோனில் கடை வைத்திருந்தவர். பிரெஞ்சுக்காரன் இங்கேயும் கொடியை இறக்கி அங்கேயும் கொடியை இறக்கியதில், இருந்ததை விட்டுவிட்டுப் போன வருஷம் கப்பலேறி வந்து சேர்ந்தார். கூடவே ஒரு ஆளைக் கூட்டிவந்திருந்தார். அந்த ஆள் குனிந்து மணலை அள்ளி, விரலிடுக்கில் வழியவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவரு நாகப்பட்டினத்துல லாரி வெச்சிருக்காரு, உத்திராபதி. மணலைப் பாக்கணும்னாரு" என்றார் மன்சூர் அலி.

உத்திராபதி குறுக்கே வந்து நின்றான். "மணல் தர்மத்து மணலுங்களே, மரைக்காரே."

"தெரியும். நான் எதையும் மறைச்சுப் பேசல. ரெண்டு கடைய அப்படியே விட்டுட்டு வந்தவன் நானு. நாலு பொம்பளப் புள்ளைங்க. எங்க வீட்டுச் சொத்துன்னு மிச்சம் இருக்கறது இந்த மேடுதான், அதுவும் உங்க கையில இருக்கு. உங்க கையிலேருந்து பிடுங்க மாட்டேன், அது ஹராம். ஆனா பத்திரப்படி எனக்கு வந்தா வேணாம்னு சொல்லவும் மாட்டேன். அம்புட்டுத்தான்."

"வராதுங்க. எங்க அப்பா காலத்துல ஒரு சொட்டு..."

"உங்க வாப்பா நல்ல மனுஷரு. உம்மா இன்னிக்கும் சொல்லுவாங்க" என்றார் மன்சூர் அலி. தட்டியைப் பார்த்தார். "ஊத்து இதுக்குள்ளயா? ஒரு வாய் குடிக்கணும்போல இருக்கு. சின்ன வயசுல குடிச்சது. என்ன செய்ய, நோன்பாப் போச்சு."

ரமலான் பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. உத்திராபதி மூச்சை விட்டான். ஆனால் லாரிக்காரனுக்கு நோன்பு இல்லையே! அவன் தட்டியை விலக்கி உள்ளே நுழைந்து உறையருகே குனிந்துவிட்டான்.

"வெயிலு கொளுத்துது. நான் ஒரு வாய் குடிச்சுக்கறேன்."

"குடிக்காதீங்க!" உத்திராபதி பாய்ந்து அவன் கையைப் பிடித்தான். "அது... இருபதாந்தேதிக் குடம் போற வரைக்கும் வெளியாளு வாய் வெக்கக் கூடாதுங்க. தர்மத்து வழக்கம்."

"அப்படியா? எனக்குத் தெரியாதே" என்றார் மன்சூர் அலி. அவனையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். "வெள்ளிக்கிழமை வாங்க. நோன்பு மாசங்கறதால உம்மா நோன்பு தொறக்கறப்பத்தான் குடிப்பாங்க. பாங்கு சொல்றதுக்குள்ள வந்துடுங்க."

அன்று சாயங்காலம் உத்திராபதி நீலமேகத்திடம் போய் எல்லாவற்றையும் கொட்டினான். நீலமேகம் தர்மத்தில் இரண்டாவது கீழவெளி வீடு. நிலத்தை உப்புக்குக் கொடுத்தவன், மேட்டின் அருமை அவனைவிட யாருக்குத் தெரியும்? இருந்தும் அவன் கொடுத்த யோசனை இதுதான்:

"இதுக்கா இப்படி இடிஞ்சுபோய் உக்காந்திருக்க? நம்ம ஐயனார் கோயில் கெணத்துல ஒரு குடம் மொண்டுக்க. கல்கண்டாட்டம் தண்ணி. எந்தக் கெணத்துதுன்னு அதுல எழுதியா ஒட்டியிருக்கு?"

"தப்பில்லியா மாமா?"

"என் நெலத்தப் பாத்துட்டு வந்து தப்பா சரியான்னு கேளு."

உத்திராபதி புதன்கிழமை விடிகிற வேளையில் ஐயனார் கிணற்றில் ஒரு பித்தளைக் குடம் நிறைய எடுத்துவந்து, நெல்குதிருக்குப் பின்னால் சாக்கைப் போட்டு மூடி வைத்தான். பெண்டாட்டி கண்ணில் படாது என்று நினைத்தான் பாருங்கள். வீட்டிலிருக்கிற குடங்களின் கணக்கு அவளுக்குத் தெரியாதா? பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் கூடையோடு தெருவில் வந்த குஞ்சம்மாவைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள்.

குஞ்சம்மா காரைக்கால்மேட்டுக்காரி. பெரியநாயகியைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். அவள் புருஷன் முத்தையனின் படகு புயலில் உடைந்து, பலகை பலகையாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் அவள் மேட்டுப்பக்கம் வந்து மாதக்கணக்கில் ஆயிற்று.

"சத்தியம் வாங்கியிருக்காரு குஞ்சம்மா. சொன்னா அவருக்கு ஆகாது. சொல்லலேன்னா நாளைக்குக் குடியே முழுகிப்போவும்." பெரியநாயகிக்கு அழுகை வந்துவிட்டது. "ஊத்து உப்பாயிடுச்சு."

"எப்படி உப்பாவும்? புயல் தண்ணி அடுத்த மழைக்கே எறங்கியிருக்குமே! என்ன செஞ்சாரு அண்ணன்?"

"ஆறு உறை எறக்கியிருக்காரு."

குஞ்சம்மா கூடையைப் பொத்தென்று இறக்கினாள். "உறையா! அட பாவி மனுஷா!" என்று கத்திக்கொண்டே மேட்டைப் பார்க்க ஓடினாள். கூடையில் இருந்த சுதும்பு மீனை எங்கள் வீட்டுப் பூனை இரண்டு இழுத்துக்கொண்டு போனது. அதற்கு நான் பொறுப்பில்லை.

உத்திராபதி தட்டிக்குள்தான் உட்கார்ந்திருந்தான். குஞ்சம்மா உள்ளே நுழைந்த வேகத்தில் எழுந்து நின்றுவிட்டான்.

"ஏண்ணே, இது என்னா உங்க வயக்காடுன்னு நெனச்சியா? யாரைக் கேட்டு வெட்டுன?"

"தண்ணி இல்ல குஞ்சம்மா. ஆழத்துலதானே தண்ணி..."

"ஆழத்துல கடலுதானே இருக்கு! இந்த மேட்டுக்குள்ள ரெண்டு தண்ணிண்ணே. கீழ கடத்தண்ணி, அதும்மேல மழத்தண்ணி மெதக்குது. மேலாப்புல இருக்கறது ஒரு ஏடுதான். கையால முழங்கை ஆழம் பறிச்சு, கொட்டாங்கச்சியால அந்த ஏட்ட மட்டும் வழிச்செடுக்கணும். எடுத்துட்டு செத்த நேரம் சும்மா விடணும், அது ஊறும். நீ ஏட்டப் பொத்துக்கிட்டு உள்ள போயி கடலயே மேல கூப்புட்டிருக்க! உங்க அப்பாரு இந்த மேட்டுக்கு மம்முட்டியே கொண்டாந்தது இல்ல, தெரியுமா?"

தெரியாது. அதுதான் விஷயமே. எங்களுக்குக் கிணறு வற்றினால் இன்னும் ஒரு கோல் வெட்டு என்றுதான் தெரியும். மேலே வழிக்க வேண்டிய தண்ணீர் என்று ஒன்று உண்டு; உத்திராபதியின் அப்பா அப்படித்தான் வழித்திருக்கிறார், சொல்லிவிட்டுப் போகவில்லை. உத்திராபதி மணலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"மேடு போச்சா குஞ்சம்மா?"

"போவுதா இல்லியான்னு நாளைக்குப் பாக்கலாம். இப்ப எந்திரி. உறையெல்லாம் ஒடைச்சு எடு. குழிய மூடு."

அன்று பொழுது சாயும் வரை உறைகளை உடைத்து மேலே எறிந்தார்கள். கடைசி இரண்டு உறையும் வரவில்லை. அப்படியே மணலைத் தள்ளி மூடினார்கள். பிறகு குஞ்சம்மா மேட்டின் வடக்குப் பக்கம், பழைய புன்னைகளுக்குக் கீழே தாழ்ந்த இடமாகப் பார்த்து, காலால் ஒன்பது இடத்தில் கோடு போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆரம்பித்தார்கள். பெரியநாயகி, உத்திராபதி, குஞ்சம்மா, அவளோடு முத்தையன். ஒன்பது குழி, ஒவ்வொன்றும் முழங்கை ஆழம். கைநகம் தேயத் தேயப் பறித்தார்கள். முதல் குழியில் ஈரம் மட்டும். இரண்டாவதில் மெல்ல ஒரு பளபளப்பு. குஞ்சம்மா கொட்டாங்கச்சியின் விளிம்பைச் சாய்த்து, மணல் கலங்காமல் வழித்து, உத்திராபதியின் வாயருகே நீட்டினாள். அவன் தலையை ஆட்டினான்.

"என் நாக்கு செத்துப்போச்சு. நாயகிக்குக் குடு."

பெரியநாயகி குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "தேவல" என்றாள்.

ஒரு குழியில் மூன்று கொட்டாங்கச்சி. அதற்கு மேல் எடுத்தால் குஞ்சம்மா கையில் ஒரு அடி போட்டாள். ஒன்பது குழியும் சுற்றி வந்தால் குடத்தில் நாலு விரல் ஏறும். பிறகு காத்திருக்க வேண்டும். வெயிலில் நின்று மணலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உச்சிவேளைக்கு அரைக்குடம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு ஊறுவதும் மெதுவாயிற்று. முத்தையன் ஒரு தடவை அவசரப்பட்டு ஆழ அள்ளிவிட்டான். குஞ்சம்மா அதை நக்கிப் பார்த்துவிட்டுக் கீழே ஊற்றினாள். ஊற்றினதைப் பார்த்து உத்திராபதி பல்லைக் கடித்துக்கொண்டான். காலையிலிருந்து அவன் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. குடிக்கச் சொன்னால், அந்த வாய்த் தண்ணீரும் குடத்துக்குப் போகட்டும் என்றான்.

நாலு மணிக்கு முக்கால் குடம். பட்டினத்துக்கு இரண்டு மைல் நடக்க வேண்டும்.

"இனிமே நிக்க முடியாது. கெளம்புங்க" என்றாள் குஞ்சம்மா.

"வீட்டுக்குப் போயி வேட்டி மாத்திக்கிட்டு வந்துடறேன்" என்றான் உத்திராபதி. பெரியநாயகிக்கு அது போதாதா? குடத்தைக் குஞ்சம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு அவன் பின்னாலேயே போனாள்.

அவன் குதிருக்குப் பின்னாலிருந்து பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லை வாசலுக்கு வந்திருந்தான். அவளைப் பார்த்ததும் நின்றான்.

"கால் குடம்தாண்டி. கலந்துட்டா யாருக்கும் தெரியாது. குறைகுடத்தோட போயி நின்னா அந்த லாரிக்காரன் நாளைக்கே வந்து நிப்பான். எட்டு மாவும் போயிடும். நீலமேகம் மாமா நெலத்தப் பாத்தியில்ல? அப்பறம் நானும் நீயும் என்னத்தத் திங்கறது?"

"இங்க குடுங்க."

"நாயகி, சொல்றதைக் கேளு."

"அந்தம்மா காலையிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம இருக்கும். நோன்பு தொறக்கற வாயில பொய்த் தண்ணிய ஊத்தச் சொல்றீங்களா? அப்படிக் காப்பாத்தற மேட்டுல நாளைக்கு எந்த மொகத்தோட போயி நிப்பீங்க? மேடு போனா போவட்டும், கூலி வேல செஞ்சு குடிப்போம். குடுங்கங்கிறேன்!"

கையிலிருந்து பிடுங்கி, முருங்கை மரத்தடியில் கடகடவென்று கவிழ்த்தாள். உத்திராபதி அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேட்டியை மாற்றவில்லை.

குஞ்சம்மாவிடமிருந்து குடத்தை வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் பட்டினத்துக்கு நடந்தார்கள். குடம் பெரியநாயகியின் இடுப்பில் இருந்தது. தளும்பும் சத்தம் கேட்கிறபோதெல்லாம் உத்திராபதி திரும்பிப் பார்த்தான். குறைந்த குடம், நடக்க நடக்கத் தளும்பத்தானே செய்யும். வாழையிலையைக் கிழித்து வாயில் போட்டுக் கட்டியிருந்தும் நாலைந்து இடத்தில் சிந்தியது.

மரைக்காயர் வீட்டு வாசலில் மன்சூர் அலி நின்றிருந்தார். வாங்க என்றார். பெரியநாயகி குடத்தை இறக்கி இலையை விலக்கினாள். அவர் எட்டிப் பார்த்தார்.

"குறையா இருக்கே."

"ஆமாங்க" என்றான் உத்திராபதி. "முக்கால் குடம்தான். என் தப்பு மரைக்காரே. நான் ஆழமா வெட்டி ஊத்தக் கெடுத்துட்டேன். அன்னிக்கு அந்த லாரிக்காரர்கிட்ட நான் சொன்ன வழக்கமும் பொய்யி. உப்பு தெரிஞ்சுடும்னு தடுத்தேன். இது இன்னிக்குக் காலையிலேருந்து வழிச்செடுத்த தண்ணி. இதுக்கு மேல ஊறல."

மன்சூர் அலி இலையை எடுத்துக் குடத்தை மூடினார். தாடியைத் தடவிக்கொண்டார். அவர் மனதில் என்ன ஓடியதோ. நாலு பெண்களைப் பெற்றவர், ஓடாமல் இருக்குமா?

"உள்ள கொண்டுபோங்கம்மா. சொல்ல வேண்டியது உம்மா."

ஆண்களுக்குத் தாழ்வாரத்தோடு சரி. பெரியநாயகி மட்டும் திரையை விலக்கிக் குடத்தோடு உள்ளே போனாள். உத்திராபதி தூணோரம் நின்றான். பள்ளிவாசலில் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். தெருவில் நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் வீட்டுக்குள் போய்விட்டார்கள். உள்ளே பாத்திரம் ஓசைப்பட்டது. பிறகு ஓசை நின்றது.

திரைக்குப் பின்னாலிருந்து மன்சூர் அலியின் தாய் ஆஸியா பீவியின் குரல் வந்தது. "உப்பு இருக்கு."

உத்திராபதி தூணைப் பிடித்துக்கொண்டான். மன்சூர் அலி தலை குனிந்துகொண்டார். சந்தோஷப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

"நாக்கு நுனியில நிக்குது, ஒரு துளி" என்றது குரல், தம்ளரை மறுபடியும் வாயில் வைத்து எடுத்த பிறகு. "அதுதான் நம்ம மேட்டுத் தண்ணி. அல்ஹம்துலில்லாஹ். சரியா இருக்கு. மன்சூரு, நீயும் இதுலயே நோன்பு தொற. பேரீச்சம்பழம் இந்தா."

திரையின் ஓரமாக ஒரு கை தம்ளரை நீட்டியது. மன்சூர் அலி வாங்கி மெதுவாகக் குடித்தார். குடித்து முடித்தும் தம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"கால் குடம் குறையுதே, உம்மா" என்றார்.

"குறைஞ்சதை அடுத்த வருஷம் குஞ்சம்மா வீட்டு முறையில சேத்துக் கொண்டாரட்டும். வெளியில நிக்கிற புள்ளைக்குக் கஞ்சி குடு. வாய் காஞ்சு கெடக்கும்."

மன்சூர் அலியே நோன்புக் கஞ்சியைக் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தார். உத்திராபதி இரண்டு கையாலும் வாங்கினான். சூடு பார்க்காமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

"நாகப்பட்டினத்துக்காரர்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார் மன்சூர் அலி. "இந்த வருஷம் இல்லேன்னு."

திரும்பும்போது உச்சியில் அரை நிலா நின்றது. பட்டினத்தைத் தாண்டியதும் பெரியநாயகி வெறுங்குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"உள்ள என்னா சொன்னாங்க தெரியுமா? அந்த ஒரு துளி உப்பு இல்லாம வந்தா அது மேட்டுத் தண்ணியே இல்லியாம். அவங்க மாமியா சொல்லிக்குடுத்ததாம். குடிக்கிறவங்க இந்த விஷயத்த வேற யார்கிட்டயும் சொல்றதில்லியாம்."

உத்திராபதியின் நடை தளர்ந்தது. கல்கண்டாட்டம் தண்ணி என்று நீலமேகம் சொன்னது அவன் காதில் மறுபடி ஒலித்திருக்கும்.

"கலந்திருந்தா..."

"கலந்திருந்தா இந்நேரம் மேடு போயிருக்கும். எங்கிட்ட ஏன் சொன்னாங்கன்னா..." பெரியநாயகி கொஞ்சம் தயங்கினாள். "ஒரு தடவ வந்துதாம் அப்படி. சண்டைக் காலத்துல. அவங்க மாமியா மௌத்தாகி, இவங்க மொத மொத குடிச்ச வருஷம். துளி உப்பில்ல, தேனாட்டம் இருந்துதாம். மரைக்காருங்க எல்லாம் சைகோன்ல, வீட்டுல ஆம்பள யாரும் கெடையாது. அதனால ஒருத்தருக்கும் தெரியாம, திரைக்கு இந்தப் பக்கம் நின்னு, 'போயி நம்ம ஊத்துத் தண்ணி கொண்டாங்க, நான் முழிச்சிருக்கேன்'னு திருப்பி அனுப்புனாங்களாம். கொண்டாந்தவரு அழுதுக்கிட்டே போயி, வெளக்கு வெச்ச பொறவு அரைக்குடம் கொண்டாந்தாராம். இன்னிக்கும் அது மாதிரி வந்திருந்தா, மன்சூர் அலி நிக்கறப்ப அப்படித் திருப்பி அனுப்ப முடியுமான்னு கேட்டாங்க."

"யாரு? யாரு கொண்டாந்தது?"

"உங்க அப்பாதாங்க."

உத்திராபதி நின்றான். அந்த ராத்திரி அவனுக்கு ஞாபகம் இருந்தது. அவனுக்குப் பதினைந்து வயது. அப்பா நேரங்கழித்து வந்தார். சோறு வேண்டாம் என்றார். குடத்தைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தவர், விடிகிறவரை அப்படியே இருந்தார். களைப்பு என்று இவன் நினைத்திருந்தான். பதினைந்து வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

அவன் சாலையோரம் உட்கார்ந்து அழுதான். சத்தம் போட்டே அழுதான். பெரியநாயகி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டு, அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். முடிந்ததும் கையைக் கொடுத்து எழுப்பினாள்.

"எனக்கு ஒரு விஷயம் சொல்லுங்க" என்றாள்.

"என்ன?"

"அந்த மம்முட்டிய எங்க வெச்சிருக்கீங்க? இனிமே அது எங்கிட்ட இருக்கட்டும்."